விட்ட இடத்திலிருந்து

வியாழக்கிழமை. ஸ்ரீராமபுரம், எட்டாவது கிராஸ்.
அங்கன்வாடிச் சுவரில் யானை வரைந்தவர்
தும்பிக்கைக்கு இடம் போதாமல்
ஜன்னலுக்கு மேலே மடக்கிவிட்டிருக்கிறார்.
அதன் அடியில்தான் என் நீலப் பெட்டி.

காலையில் ஐஸ் பைகளை மேசையில் பரப்பி
அவை வியர்க்கும்வரை காத்திருந்தேன்.
காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் தளும்ப வேண்டும்.
சூடும் ஆகாது, உறைந்தும் போகக் கூடாது.
என் கல்யாணத்துக்குக்கூட
இவ்வளவு பக்குவம் யாரும் பார்க்கவில்லை.

குப்பியின் மேல் ஒரு வட்டம், வட்டத்துக்குள் சதுரம்.
சதுரம் வெளுத்திருந்தால் போடலாம்,
வட்டத்தளவு கறுத்திருந்தால் தூரப்போடு.
மனுஷர் நெற்றியில் இப்படியொன்று
ஒட்டி அனுப்பியிருக்கலாம்.

பதினோரு மணிக்கு எத்திராஜ் வந்தார்.
ஆட்டோவை அணைக்கவில்லை,
மகளைத் தோளிலிருந்து இறக்கவில்லை.
"போன தடவ போட்ட அன்னிக்கு ராத்திரி
வெட்டு வந்துச்சி மேடம்."
பயப்படாதீங்க என்று நான் சொல்லவில்லை.
எத்தனை மணி நேரம் கழித்து, எவ்வளவு ஜுரம்,
எவ்வளவு நேரம் வெட்டியது, பிறகு கண் திறந்தாளா,
ஒவ்வொன்றாகக் கேட்டேன்.
கேட்கக் கேட்க அவர் குரல் இறங்கியது.
ஆறு மாதமாக இதை யாரும் கேட்கவில்லை போல.
படிவத்தில் எழுதி டாக்டரிடம் அனுப்பினேன்.
சில நாள்
ஊசி போடாததும் என் வேலைதான்.

12.05க்கு எம்.ஆர். மருந்தைக் கலக்கி
நேரத்தைக் குப்பிமேல் பேனாவால் எழுதினேன்.
நான்கு மணி நேரம்தான் அதன் ஆயுசு.
ஐந்து பேருக்கான மருந்து. வந்தது மூன்று பேர்.

4.20.
பெட்டியை மூடும்போது முனிலட்சுமி,
கழுத்தில் இன்னும் கார்மென்ட்ஸ் அடையாள அட்டை,
இடுப்பில் லோஹித், பதினாலு மாசம்.
ஒன்பதாம் மாதம் வந்திருக்க வேண்டியவன்.
"ஊருக்குப் போயிட்டோம். அப்புறம் வீடு மாத்தினோம்.
அப்புறம் சூப்பர்வைசர் லீவே தரல."
கார்டைப் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்தாள்,
கூடவே ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஒரு மஞ்சள் நூல்.
"மறுபடி முதல்லேர்ந்து போடணுமா?"

வேண்டாம்.
விட்ட இடத்திலிருந்து போதும்.

அவள் என்னையே பார்த்தாள்.
வீடு மாறினால் அட்வான்ஸ் முதலிலிருந்து.
ஃபேக்டரி மாறினால் ஹெல்பர் வேலை முதலிலிருந்து.
இந்த நகரத்தில் இந்த ஒரு கார்டுதான்
இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்டுவிட்டும்
போட்டதைப் போட்டதாகவே வைத்திருக்கிறது.

பழைய குப்பியில் இரண்டு பேருக்கு மிச்சம்.
நேரம் தாண்டிப் பதினைந்து நிமிடம்.
கழிவுப் பைக்குள் போட்டேன்.
புதியதை எடுத்தபோது ஆஷா ஷைலஜா
கன்னடத்தில் முணுமுணுத்தாள், ஒருத்தனுக்காகவா?
ஒருத்தனுக்காகத்தான்.
தட்டம்மை கூட்டம் சேரட்டும் என்று காத்திருக்காது.

வலது கை. அழுகை தெருவரை போனது.
அரை மணி நேரம் உட்காருங்கள் என்றேன்.
உட்காரும்போதுதான் துப்பட்டா விலகியது.
"எத்தனை மாசம்?"
"அஞ்சு."
"அப்ப உனக்கும் ஒண்ணு."
"எனக்குமா?" சிரித்தாள், சிரித்துக்கொண்டே
இடது கையை நீட்டினாள். பிறந்தபோது போட்டது
அங்கே துவரம்பருப்பளவு தழும்பாக.
லோஹித் வயிற்றில் இருந்தபோதே இரண்டு ரணஜன்னி ஊசி.
மூன்று வருஷத்துக்குள் அடுத்தது என்பதால்
இப்போது ஒன்றே போதும்.
உள்ளே இருப்பதற்குப் பெயர் இல்லை, கார்டு இல்லை,
அதன் பங்கு மட்டும் அம்மாவின் கை வழியாகப் போகிறது.

லோஹித் பஞ்சை உரித்து
யானையின் காலில் ஒட்டப் பார்க்கிறான். நிற்கவில்லை.
மறுபடி ஒட்டுகிறான்.

டிரெய்னிங்கில் போட்ட மஞ்சள்காமாலை ஊசியில்
என் மூன்றாவது
பதினோரு வருஷமாகப் பாக்கி.
இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.
"ஷைலஜா," என்றேன்,
"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு என்கூட வரியா?"

இன்னும் எட்டு நிமிடம்.