இரண்டாவது வளையம்

தெலுக் இந்தான் சர்வீஸ் சென்டரில்
ஏர்கோனுக்குக் கீழே உட்காரவைத்து
கோப்பி கொடுத்தார்கள்.
கோப்பி இலவசம்.
வேலைக்கு முன்பே நீட்டிய தாளில்
ஆயிரத்து முந்நூற்று எண்பது வெள்ளி.

வரி வரியாகப் படித்தேன்.
எண்ணெய், சரி.
ஃபில்டர், சரி.
பொதுப் பரிசோதனை, நூற்றிருபது.
எதைப் பரிசோதிப்பீர்கள் என்றேன்.
எல்லாவற்றையும் மேடம் என்றான் டை கட்டிய பையன்.
எல்லாம் என்றால் எது என்றேன்.
இன்னொரு கோப்பி வேண்டுமா என்றான்.

ஒரு டன் செம்பனைக் குலை ஏற்றி இறக்கினால்
எனக்கு நாற்பது வெள்ளி.
அந்தத் தாளில் இருந்தது
முப்பத்துநாலரை டன்.
சாவியை வாங்கிக்கொண்டு
ஊத்தான் மெலிந்தாங் திரும்பிவிட்டேன்.

தவுக்கே கோக் வா கடையில்
ஏழு லிட்டர் நூற்று நாற்பத்தைந்து,
ஃபில்டர் இருபத்திரண்டு,
செம்பு வாஷர் இரண்டு.
ஞாயிற்றுக்கிழமை, வாசல் சிமெண்டில்
பழைய அரிசிச் சாக்கை விரித்துப்
பிக்கப்புக்கு அடியில் நுழைந்தேன்.
பத்து வருஷம் மேலே உட்கார்ந்து ஓட்டியதை
அன்றுதான் கீழிருந்து பார்த்தேன்.
செம்மண், லாலாங் புல்,
எந்தத் தோட்டத்திலோ ஒட்டிக்கொண்ட
ஒற்றைச் செம்பனைப் பழம்.

பதினாலாம் நம்பர் ஸ்பானர்.
சூடான கறுப்பு
முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.
பழைய ஃபில்டர் பிடிவாதம் பிடித்துக் கழன்றது.
புதியதன் ரப்பர் வளையத்தில்
விரலால் எண்ணெய் தடவி,
கையால் இறுக்கி, பிறகு முக்கால் சுற்று.
எல்லாம் முறைப்படி.

பழைய வளையம் மட்டும்
பழைய ஃபில்டரோடு வரவில்லை.
கறுப்பின் மேல் கறுப்பாக
எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.
நான் பார்க்கவில்லை.

திங்கள் மாலை.
பின்னால் ஒன்றேகால் டன்.
ஆலை கேட் ஆறு மணிக்குச் சாத்துவார்கள்.
மூன்றாவது டிவிஷன் பாலத்தருகே
சிவப்பு விளக்கு.
அந்த நொடியே அணைத்துவிட்டேன்,
அது ஒன்றுதான் நான் அன்று சரியாகச் செய்தது.
ரஃபீக்குல் இறங்கி, தாரில் கிடந்த நீளக் கோட்டை
விரலால் தொட்டு
ஒன்றும் சொல்லாமல் காட்டினான்.

போன் வெளிச்சத்தில் பார்த்தேன்:
வளையத்தின் மேல் வளையம்,
ஒன்று நாக்கைத் துருத்திக்கொண்டு.
நகத்தால் உரித்தேன்.
எக்சாஸ்ட் என் கையில் ஒரு முத்திரை வைத்தது.
ரஃபீக்குல் யாரோ ஒருவர் மோட்டாரில் போய்
மறுபடி ஏழு லிட்டர் வாங்கிவந்தான்.
குடிக்கிறதா உன் வண்டி என்று
தவுக்கே கேட்டாராம்.

ஆறு இருபதுக்குப் பூட்டு தொங்கியது.
குலைகள் ராத்திரி வண்டியிலேயே தூங்கின.
காலையில் தரம் குறைத்து
முப்பது வெள்ளி வெட்டினார்கள்.

கணக்கு எழுதினேன்:
நூற்று அறுபத்தொன்பது,
நூற்று நாற்பத்தைந்து, முப்பது.
ஆயிரத்து முப்பத்தாறு வெள்ளி
இன்னும் என் பக்கம்தான்.
கைச் சூட்டுக்கு விலை போடவில்லை.
பாலத்தடி வாய்க்காலில் போனதற்கும்
போடத் தெரியவில்லை.

அப்பியாசப் புத்தகத்தில் அன்றைய கிலோமீட்டர்,
அதன் கீழே மூன்று கோடு போட்டு:
பழைய வளையம் வந்ததா பார்.
ஏர் ஃபில்டர் மாதம் ஒருமுறை தட்டு.
கிரீஸ், மழைக்குப் பிறகு.
பிரேக்கை நீ தொடாதே, குணாளன் பட்டறை.

ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது.
அரிசிச் சாக்கில் மல்லாந்திருக்கிறேன்,
போன் அடிக்கிறது.
மோவாயால் அழுத்தினேன். டை கட்டிய பையன்.
மேடம், உங்கள் வண்டிக்குச் சர்வீஸ் தேதி வந்துவிட்டது.
கழற்றிய ஃபில்டரின் விளிம்பை
விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தேன்.

இருக்கிறது என்றேன்.
எது மேடம் என்றான்.