இருநூற்றுப் பதினான்காம் பக்கத்து எடைக்காரன்

கொரடாச்சேரி நூலகத்தில் அந்தச் சீன நாவலை
எனக்கு முன் எடுத்தவர் ஒரே ஒருவர்.
முத்திரையில் இரண்டாயிரத்துப் பதினொன்று.
நூற்று நாற்பதில் மூலையை மடக்கி
அவரும் விட்டுவிட்டார்.

நான் விடவில்லை.
தை பிறந்தால் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுத்தனுக்கு இரவுக் காவலும் சேர்த்தி.
தார்ப்பாய் மூடிய மூட்டைகள், ஒரு குண்டு பல்பு,
பூச்சி விழுந்து விழுந்து எழுத்தை மறைக்கும்.

செயலாளர், அவர் மகள், அணைக்கட்டு,
எல்லாம் பெரியவர்கள் கதை.
அவர்கள் பெயரே நாக்கில் நிற்கவில்லை.
நின்றவர்கள் பெயரில்லாதவர்கள்:
பேருந்தில் வாத்துமுட்டைக் கூடையை
மடியைவிட்டு இறக்காதவள்,
இறுதி ஊர்வலத்தில் செருப்பு அறுந்து நின்றவன்.
நாவல் அவனைத் தாண்டிப் போய்விட்டது.
செருப்பைத் தைத்தானா இல்லையா?

இருநூற்றுப் பதினான்கில்
தானியக் கிடங்கின் எடைக்காரன் வருகிறான்.
ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிக்கிறான்.
"ஈரம். காயவைத்துக் கொண்டு வா."
யாருடைய அப்பாவோ மூட்டையை மறுபடி முதுகில் ஏற்றுகிறார்.
அவ்வளவுதான் அவன்.
எழுதியவர் கொடுத்தது ஒரு மஞ்சள் பல்,
பொத்தான் போன சட்டை.
கடைசிப் பக்கம்வரை தேடினேன். திரும்ப வரவில்லை.

விளக்கை அணைத்தேன். பிறகு போட்டேன்.

பகலில்
எண்பத்து மூன்றாம் டோக்கன்காரியிடம்
அதே இரண்டு வார்த்தைதான் நானும் சொன்னேன்.
மீட்டரில் பத்தொன்பதரை; விதி பதினேழு.
விதியை எழுதியவன் நானில்லை.
மூட்டைக்கு நாற்பது என்று நீளும் கையும்
முழுக்க என்னுடையது இல்லை,
மேலே போகிறது.
ஆனால் அவள் கதையில் நான் எத்தனை வரி?
இங்க் கறை படிந்த சட்டைப்பை,
மூக்கில் வழுக்கும் கண்ணாடி.
மூன்று வரி தேறினால் அதிகம்.

பின்னிரவில் தூறல் பிடித்தது.
களத்தில் பரப்பிய நெல்லை
யாரோ இருட்டில் கூட்டிக் குவிக்கும் சத்தம்.
பதிவேட்டைப் புரட்டினேன்:
தையல்நாயகி, க/பெ உத்திராபதி,
குத்தகை, நாலு மா.

"தையல்நாயகி!"
திரும்பவில்லை.
இன்னும் உரக்க, "தையல்நாயகி!"
துடைப்பம் நிற்கவில்லை.

"எண்பத்து மூணு!"

"இந்தா இருக்கேன் சார்."

மிச்சமிருந்த தார்ப்பாயின் ஒரு முனை அவள் கையில்,
மறு முனை என் கையில்.
காற்று நடுவில் புகுந்து உப்பிக்கொண்டு
அடங்க மாட்டேன் என்றது.
நாற்காலியில் விட்ட புத்தகம் நனைந்துகொண்டிருந்தது.
நூலகத்தில் அதற்கு அபராதம் கேட்பார்கள்.