கடனுக்கு ஒரு வேர்

இருநூறு ஸ்லோட்டி கேட்டால்
வேரைத் தருகிறார் பொகுமிவ்.
ஈர நாளிதழில் சுற்றி
இரண்டு கையிலும் ஏந்தி
லிஃப்ட் இல்லாத நான்கு மாடி ஏறி வந்து.
"என் தோட்டத்துக் குதிரைமுள்ளங்கி, லுத்மீவா.
மூன்று வயசு."
பணத்துக்கு நான்கு மாத வயசு.
அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

பெரிய சனிக்கிழமை.
பொஸ்னான் நகரத்தின் கடைசி டிராமை
கொட்டடியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.
உள்ளங்காலில் இன்னும் தண்டவாளம் அதிர்கிறது.
பத்து மணிக்குக் கோயிலில் கூடை மந்திரிப்பார்கள்:
முட்டை, உப்பு, பன்றித்தொடை, ரொட்டி.
இது இல்லாமல் கூடை எடுத்துப் போனால்
பாதிரியாரே எட்டிப் பார்த்துக் கேட்பார்.

மேசைமேல் கிடக்கிறது
மண் அப்பி, முண்டும் முடிச்சுமாய்,
யாரோ கழற்றிப் போட்ட முழங்கை மாதிரி.
முகர்ந்தேன். ஒன்றுமில்லை.
வெட்டுப்படும் வரை
இது யார் வம்புக்கும் போகாது.

பாத்திரம் தேய்க்கும் நாரால் மண்ணெடுத்தேன்.
உருளைக்கிழங்குக் கத்தியால் தோல் சீவினேன்.
உள்ளே அப்படியொரு வெள்ளை,
பொய் சொல்லத் தெரியாதது போல.
வீட்டில் இருப்பது ஒரே துருவி.
பீட்ரூட் கறை, கைப்பிடி ஆடும்.
எதிர்வீட்டுச் சிறுமி காயாவின் நீச்சல் கண்ணாடியை
இரவல் வாங்கி மாட்டிக்கொண்டேன்,
இளஞ்சிவப்பு, ஓரத்தில் மீன்.
ஜன்னலைத் திறந்ததும்
ஏப்ரல் பனித்தூறல் அடுப்பு வரை வந்து நின்றது.

முதல் ஐந்து இழுப்பு, சாது.
ஆறாவதில்
மூக்குக்குள் ஒரு லாயம் திறந்துகொண்டது.
அத்தனையும் நெற்றியை நோக்கி ஓடின.
கண்ணுக்குக் கண்ணாடி இருக்கிறது,
மூக்குக்கு யார் இருக்கிறார்கள்?
"இதோ பாருங்கள் பொகுமிவ்" என்று தொடங்கி
ராத்திரி முழுக்க டிராமில் நான் ஒத்திகை பார்த்ததெல்லாம்
இருமலோடு ஜன்னலுக்கு வெளியே போயிற்று.

இதில் ஒரு கணக்கு உண்டு.
துருவிய கையோடு வினிகர் ஊற்றினால்
காரம் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிடும்.
பொறுத்தால் ஏறும்.
ஒரு நிமிடம் வீட்டு மனிதர்களுக்கு.
மூன்று நிமிடம் சம்பந்திக்கு.
அதற்கும் மேல் பொறுப்பவளின் மனசில்
ஏதோ இருக்கிறது.

இரண்டு கிண்ணம் வைத்தேன்.
என்னுடையதில் உடனே வினிகர், உப்பு,
ஒரு சிட்டிகை சர்க்கரை.
அவருடையதைத் தொடவில்லை.
முட்டை வேகவைக்கும் கோழி டைமரை முறுக்கிவிட்டு
தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
மாதத்துக்கு ஒரு நிமிடம், நான்கு.
வட்டி ஒன்று.

கீழே இறங்கிக் கதவைத் தட்டினேன்.
ஒரு கரண்டி நிறைய எடுத்து
பன்றித்தொடைத் துண்டின்மேல் குவித்து
வாயில் போட்டார்.
ஒன்றும் நடக்கவில்லை.
எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.
பிறகு காது சிவந்தது.
கை மேசை விளிம்பைத் தேடியது.
மீசையிலிருந்து சொட்டியது கண்ணீரா மூக்குநீரா
அவருக்கே தெரிந்திருக்காது.

"எத்தனை நிமிடம்?"
"ஐந்து."
"அப்போ கோபம்தான்"
என்று சொல்லி
ரொட்டியை இரண்டாக வெட்டி
கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.
மறுக்க முடியுமா? நான் செய்தது.
நீச்சல் கண்ணாடி மாடியில் இருந்தது.
இரண்டு பேரும் துண்டுக்குத் துண்டு அழுதோம்,
நடுவில் யாரோ சிரித்தோம்.
மாவு டப்பாவைக் கவிழ்த்து
ஓர் ஐம்பது ஸ்லோட்டி நோட்டை எடுத்து
தட்டி நீட்டினார்.
"மீதி..." என்றார். இருமல் வந்துவிட்டது.
நிஜ இருமலா என்று கேட்கவில்லை.

தொட்டியில் வேரின் தலை மட்டும் மிச்சம்,
கட்டைவிரல் நீளம்,
உச்சியில் பச்சையாய் ஒரு பல்.
குப்பையில் போட்டிருக்கலாம்.
இதன் ஒரு துணுக்கு மண்ணில் விழுந்தால் போதும்,
பேரன் காலம் வரை தோண்டினாலும் போகாதாம்.
பால்கனியில் ஓட்டை வாளியில் மண் போட்டு ஊன்றினேன்.
வாளியின்மேல்
மெழுகுப் பென்சிலால் எழுதினேன்:
நூற்றைம்பது.