எந்தச் சூ

துரு ஃபான்ஃபாரோன் துறையில்
சூரைமீன் கப்பலொன்று ஒரு பிணத்தை இறக்கியது.
பனிக்கட்டி அறையில் பத்தொன்பது நாள்
மீன்களோடு கிடந்தவன்.
பெயர் மா இன் சூ. வயது முப்பத்து நான்கு. ஊர் பூசான்.
படிவம் நிரப்புவது என் வேலை.

ஊருக்கு அனுப்பக் கம்பெனிக்கு மனமில்லை.
கல்லுக்குக் காசு தந்தார்கள்,
நல்ல கல்லாக இருக்கட்டும் என்று தந்தியில் ஒரு வரி.

ராயல் தெருவின் பின்சந்தில்
கல் வெட்டும் மிஸ்யே லாம்
என் தாளை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.
"மா சரி. அது குதிரை."
(எங்களுக்கும் மா குதிரைதான், நிகண்டில்.
வெளியே வந்தால் மாமரம்.)
"இன், அநேகமாக அன்பு,
ஓர் ஆள், பக்கத்தில் இரண்டு கோடு.
சூ? எந்தச் சூ?"

கரித்துண்டால் சிமெண்டுத் தரையில் எழுதிக் காட்டினார்.
நடுவில் ஒரு கொக்கி, இருபுறமும் தெறித்தால் நீர்.
தலையில் கதிர் சாய்ந்து நின்றால் சிறப்பு.
சந்தை நாள் கூட்டம்போல் கோடுகள் நெரிந்தால்
நீண்ட ஆயுள்.
கூரை போட்டு அடியில் ஒரு கை வைத்தால் காவல்.
"அவர்கள் வாயில் எல்லாம் ஒரே சூ.
கல்லில் மாற்றி வெட்டினால்
வேறு யாரையோ புதைத்ததாகும்."

முப்பத்து நான்கில் போனவன் தலைமாட்டில்
நீண்ட ஆயுள் என்று வெட்டிவிடுவோமோ,
கடலில் செத்தவனுக்கு
நீர் என்று வெட்டிவிடுவோமோ
என்று அன்றிரவு தூக்கமில்லை.

கப்பல் சமையல்காரன் பெக்குக்கு இருபத்திரண்டு வயது.
தன் எழுத்தில் எழுதித் தந்தான்:
ஒரு கூரைமுகடு, அடியில் ஒரு கோடு,
கோட்டுக்கு ஒற்றைக் கால்.
"இதுதான் சூ. இது போதாதா?
பள்ளியில் எங்களுக்குச் சீன எழுத்தை எடுத்துவிட்டார்கள்.
இன் சூ அண்ணன் என்று கூப்பிட்டால் திரும்புவார்.
எந்த இன் சூ என்று கேட்டதில்லை."
அதிலும் பிழை காண முடியவில்லை.

பூசானுக்குத் தந்தி அடித்தோம்: எந்தச் சூ?
பதில் வந்தது, ஆங்கில எழுத்தில்: சூ.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லவேண்டும்.
அடையாள அட்டையில் நான் ஐந்து பிரெஞ்சு எழுத்து.
வள்ளி என்று படிக்கலாம்.
வலி, வழி, வளி, எதுவும் தடுக்காது.
பதிவுக்காரர் காதில் எங்கள் ல, ள, ழ
ஒரே தட்டில் விழுந்திருக்கின்றன.
அப்பா பெயரைச் சொன்ன கையோடு
சர்க்கரை ஆலைக்கு ஓடிவிட்டார், கரும்பு வெட்டுக் காலம்.
கேட்டால் அம்மா முருகன் கோயில் பக்கம் கைகாட்டுவாள்.
அத்தைக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

நான்காம் நாள் பெக் மூச்சிரைக்க வந்தான்.
செத்தவன் பெட்டியில், காலுறைக்குள், ஒரு முத்திரை.
மரம். கட்டைவிரல் நீளம்.
சம்பளம் வாங்கும்போது குத்துவது.
சுங்கத்தார் மைத்தட்டில் தோய்த்து
படிவத்தின் முதுகில் அழுத்தினேன்.
குதிரை வந்தது.
ஆளும் இரண்டு கோடும் வந்தன.
மூன்றாவதில் கீழ்ப்பாதி சில்லு பெயர்ந்து
கூரை மட்டும்.

மிஸ்யே லாம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
"கூரை போதும்.
என் கணக்கில் கூரையுள்ள சூ ஒன்றுதான்."
அடியில் இருக்கவேண்டிய கையை
அவர் கை போட்டது.

லெ சலீனில், மேற்குக் கல்லறையில், கடலோரம் நட்டோம்.
மூன்று சீன எழுத்து, கீழே
பெக் கெஞ்சியபடி அவன் எழுத்தும்.
"மேலே உள்ளதற்குத்தான் காசு" என்றார் லாம்,
"கீழே வெறும் வட்டமும் கோடும்."
பெக் அந்த வட்டத்தில் விரல் விட்டு
மணலைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தான்.

ரசீதில் கையெழுத்துப் போட்டேன்.
லாம் எழுத்துக்கூட்டிப் படித்தார்: "வாலி."
என் பட்டியலில் அது ஒன்றுதான் இல்லாமலிருந்தது.
"பொருள் உண்டா?"
"உண்டு" என்று தொடங்கினேன்.
கடற்பக்கமிருந்து வந்த காற்று
ரசீதைப் பிடுங்கிக்கொண்டு ஓட,
கல்லறைகளுக்கு நடுவே
அதன் பின்னால் ஓடினோம் மூவரும்.