திரும்பிய நேரம்

யூட் மரியதாசுக்குக் கறுப்புத் திரை என்றால் பயம்.
வெள்ளை எழுத்து துடித்துக்கொண்டு நின்றால்
ஏதோ தவறு செய்துவிட்டதுபோல் கையை எடுத்துவிடுவார்.

மீன் சந்தைக்குப் பின்னால் சங்க அறை.
எந்த வங்கியோ கழித்துவிட்ட கணினி.
விசைப்பலகைக்குள் உப்பு;
ஏழை இரண்டு தரம் குத்தவேண்டும்.

அவருக்காகப் பதினான்கு வரி எழுதினேன்.
ஓட்டினால் திரை நடுவே
சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி எழும்,
பதில் எழுத வெள்ளையாய் ஒரு கீற்று,
கீழே இரண்டு பொத்தான்.

படகு இலக்கம்?
எத்தனை பேர்?
டீசல் எத்தனை லீற்றர்?
திரும்பிய நேரம்?

முதல் நாள் தமிழ் கலைந்து வந்தது.
‘பேர்’ என்பதில் கொம்பு
ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு முன்னால் போக,
பகரம் பின்னால் அநாதையாய் நின்றது.
எழுத்துரு ஒன்றை இறக்கிப் போட்டேன்.
சேர்ந்துகொண்டன.

பொத்தான்களில் சரி, ரத்து.
“ரத்து எண்டா என்ன தங்கச்சி,
ஆரை ரத்துச் செய்யிறது?”
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சரி என்றால் நிரலுக்குப் பூச்சியம் போகும்,
ரத்து என்றால் ஒன்று,
பூச்சியம்தான் நல்லது என்று
விளக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.
கடலுக்குப் போகிறவர்களைத் தலை எண்ணி எழுதுகிறவரிடம்
அதை எப்படிச் சொல்வது.
‘ரத்து’ இருந்த இடத்தில்
‘பிறகு’ என்று எழுதினேன்.

சொல்லாமல் வைத்த வரி ஒன்றும் இருந்தது.
ஒரு மணித்தியாலம் பதில் இல்லையென்றால்
பெட்டி தானே மூடிக்கொள்ளும்,
பதிவேட்டில் எழுதும்: பதில் இல்லை.
அதை நேர்த்தி என்று நினைத்திருந்தேன்.

ஆடியில் ஒரு நாள் கச்சான் பேயாய் அடித்தது,
கரையிலிருந்து கடலைப் பார்த்து.
நூற்றுப் பதினேழு, விடிய இரண்டரைக்கு வரவேண்டியது.
ஞானரூபனும் மச்சினன் டிலக்சனும்.

காலை எட்டுக்கு நான் போனபோது
மரியதாஸ் கதிரையை விட்டு எழும்பியிருக்கவில்லை.
பெட்டி திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தது.
இரவில் அது ஐந்து தரம் மூடியிருக்கிறது,
ஐந்து தரமும் மறுபடி திறந்திருக்கிறார்,
இலக்கம், ஆள், டீசல்
எல்லாம் முதலிலிருந்து,
ஏழை இரண்டிரண்டு தரம் குத்தி.
பதிவேட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாய்
117, 2, 40, பதில் இல்லை
117, 2, 40, பதில் இல்லை

“ஏன் பிள்ளை, இது பொறுக்காதோ?”

அந்த வரியை அழித்தேன்.
ஞானரூபனின் மனைவி வாசலில் நின்றாள்,
வெள்ளைக் கீற்றில் மினுங்கி மறையும்
ஒல்லிக் கோட்டைப் பார்த்தபடி.
தேத்தண்ணி கொடுத்தோம். கையில் வைத்திருந்தாள்.

பத்தேகாலுக்கு, கிண்ணியாப் படகொன்று
கயிறு கட்டி இழுத்துவந்தது.

நேரம் கேட்ட இடத்தில்
மரியதாஸ் ஒற்றை விரலால் அடித்தார்:
பத்தேகால். ரெண்டு பேரும். எஞ்சின்தான் போச்சு.
சரி.

இன்னொரு பெட்டி குதித்தது:
இது நேரம் அல்ல.

என் வேலைதான்.
இரண்டு எண், நடுவில் புள்ளி, மறுபடி இரண்டு எண்,
வேறெதுவும் ஏற்காதே என்று
நானே கட்டி வைத்தது.

அன்று மத்தியானம் ஐந்தாவது பெட்டி ஒன்று சேர்த்தேன்.
எதுவும் எழுதலாம், வெறுமனேயும் விடலாம்,
சரிபார்க்க மாட்டேன்:
வேறு ஏதாவது?

நேற்றுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்.

88, 3, 25, 05:40, பாரை நல்லாப் பட்டது
117, 2, 40, 06:10, டிலக்சனுக்குக் காய்ச்சல், தம்பி போனவன்

அதற்குக் கீழே
இலக்கம் இல்லை, ஆள் இல்லை, டீசல் இல்லை,
02:30,
மான் ஒண்டு வாசலில நிக்குது. போகுதில்ல.