இரங்கல் தீர்மானம்

"அன்னாரின் மறைவு ஈடுசெய்ய முடியாதது" என்று
தொடங்கினேன். வெட்டினேன்.
வேதாபரணம் இருந்திருந்தால்
யார் அந்த அன்னார் என்று கேட்டிருப்பார்.

உட்துறைமுக வீதியில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
மாதத்தின் முதல் சனி, மாலை ஐந்தரை.
நாற்பது பிளாஸ்டிக் கதிரைகளில்
மூன்றாம் வரிசை இடது ஓரம் அவருடையது.
காற்றுக்காக என்று புதிதாய் வந்தவர்கள் நினைப்பார்கள்.
இடது காது கேளாது.
வலது காதை மேடைக்குக் கொடுக்க
அந்த ஒரு கதிரைதான் வாய்த்தது.
எந்தக் குண்டு என்று நாங்கள் கேட்டதில்லை.
அந்த வருடங்களில் குண்டுகளுக்குத்
திகதி இருந்தது, பெயர் இருக்கவில்லை.

சீனக்குடா மா ஆலையில்
மூட்டை எண்ணுவது தொழில்.
நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு.
நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு.
முப்பத்தொரு வருடம்.
அதனால்தானோ என்னவோ
ஆதி தாளத்தில் அவர் கை எங்கேயோ இறங்கிவிடும்,
தவறான தரிப்பில் பஸ்ஸை விட்டவர் மாதிரி.
நாங்கள் பார்க்காதது போல் பார்ப்போம்.
கண்ட சாப்பு வந்துவிட்டால் மட்டும்
மிருதங்கக்காரரே அவர் தொடையைப் பார்த்து வாசிக்கலாம்.

பாடத் தெரியாது.
ராகம் கேட்டால் பத்துக்கு ஏழு தரம் காம்போதி என்பார்.
சில வேளை காம்போதியாகவும் இருக்கும்.

நல்லது என்று ஒருநாளும் சொன்னதில்லை.
கச்சேரி முடிய, செருப்பைத் தேடிக்கொண்டே
"காணும்" என்பார்.
சென்னையிலிருந்து வந்த வயலின்காரப் பிள்ளைக்கு
முகம் சுருங்கிவிட்டது.
நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன்:
சோறு போடும்போது
வயிறு நிறைந்தவன் இலைக்கு மேல் கையை வைப்பானே,
அந்தக் காணும், பிள்ளை.

ஒரு மாலையைச் சினிமாப் பாட்டுக்கு ஒதுக்குவோம் என்று
நான் பிரேரித்தேன். எதிர்ப்பு: ஒன்று.
ஏழு மாதம் என்னோடு பேசவில்லை.
ஏழு மாதமும் வந்தார்.
சந்தாப் பணத்தை மட்டும்
மருந்துக்கடைப் பெடியனிடம் கொடுத்தனுப்பினார்,
சில்லறையாக.
எட்டாம் மாதம் என் பக்கம் குனிந்து
"இது காம்போதிதானே?" என்றார்.
இல்லை. ஆம் என்றேன்.

நேற்று அலுமாரியிலிருந்து
பழைய வருகைப் புத்தகத்தை எடுத்தேன்,
தீர்மானத்துக்கு ஒரு திகதி வேண்டியிருந்தது.
ஏழு மணிக்கு ஊரடங்கு என்று அறிவித்த ஒரு சனி.
நான் போகவில்லை. ஒருவரும் போகவில்லை என்றுதான்
இத்தனை காலம் நினைத்திருந்தேன்.
அவருடைய சாய்ந்த எழுத்தில் இருந்தது:

வருகை 1. மின்சாரம் இல்லை.
கசெட் போட முடியவில்லை.
வீதியில் மான் மூன்று.
கடல் கேட்டது.
ஆரம்பம் 5.30. நிறைவு 6.40.

அதற்குக் கீழே
நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு,
நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு,
பக்கத்தின் அடிவரை.
எதை எண்ணினீர்கள் என்று கேட்க
இனி ஆள் இல்லை.
அலையாக இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம்.

இன்று எழுந்து நின்றோம்.
இரண்டு நிமிட மௌனத்தில்
கீழே யாரோ பனடோல் கேட்டார்கள்,
ஒரு கார்ட் முழுசாய்.
நான் தீர்மானத்தை வாசித்தேன்.
அன்னார் அதில் இல்லை,
ஈடும் இல்லை. பெயர், கதிரை, ஆண்டுகள்,
அவ்வளவுதான்.

ஜுனைதீன் நானா சஹானாத் தட்டைப் போட்டார்.
நான் மூன்றாம் வரிசை இடது ஓரத்தில் போய் இருந்தேன்.
ஒருவரும் பார்க்காத நேரம்
இடது காதைப் பொத்தினேன்.
மேடை வலப்பக்கமாய்ச் சரிந்து வந்தது,
மின்விசிறி காணாமல் போனது,
தம்புரா அவ்வளவு கிட்ட இருந்ததை
இருபத்தாறு வருடமாய் நான் அறியவில்லை.

தட்டின் ஒரு பக்கம் முடிந்தது.
"காணுமா, மற்றப் பக்கமும் போடவா?" என்று
நானா கேட்டார், பிறகு
தான் கேட்டது தனக்கே கேட்டவர் போல நின்றார்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
தட்டைத் திருப்பினார்.

புத்தகத்தில் எழுதினேன்:
வருகை 22. மின்சாரம் இருந்தது.
கடல் கேட்கவில்லை.