சயான் தீர்ந்த இரவு

வடசேரியில்
ஏத்தங்காய் சிப்ஸ் கடைக்கு நேர் மேலே
இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம்.
நாங்கள் அனுப்பும் வரைபடத்தை
எந்த ஆபீஸில் பிரித்தாலும்
முதலில் தேங்காயெண்ணெய் மணக்கும்.

நாளை பத்து மணிக்கு
வரைவுத் திட்டம் மேசைக்குப் போகவேண்டும்.
போனால் மூன்றாம் தவணை.
தவணை வந்தால்
ஆவணி மாதச் சம்பளம்.
வெளியே ஐப்பசி மழை.

நில உபயோக வரைபடத்தை
அஜின் பிளாட்டருக்குக் கொடுத்தான்.
எங்கள் வேதம் சின்னது:
மஞ்சள் என்றால் வீடு.
சிவப்பு, பள்ளிக்கூடம் சர்ச் கோயில் ஆஸ்பத்திரி.
பச்சை, வயலும் வாழையும் தென்னையும்.
வெளிர்நீலம் தண்ணீர்.

தண்ணீர் என் பங்கு.
நாற்பத்தியொரு குளம்.
ஜிபிஎஸ் கருவியைத் தூக்கிக்கொண்டு
கரை கரையாக நடந்தேன், இரண்டு மாதம்.
சிலவற்றுக்குக் கரை இருந்தது, குளம் இல்லை.
ஒன்றில் கல்யாண மண்டபத்தின் கார் பார்க்கிங்.
ஒன்றை நான்குமுறை சுற்றியும் காணாமல்
சர்வே எண்ணைச் சொல்லி விசாரித்தேன்.
"நீங்க நிக்குததே அதிலதான்" என்றாள்
துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்.

பூவத்தாங்குளத்தில்
டயர் ட்யூபில் மிதந்தபடி
தாமரை பறித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:
"வெள்ளத்துக்கும் பட்டா உண்டா மக்களே?"
சிரித்துவிட்டு ஆழத்தைக் கேட்டேன்.
நெஞ்சில் கைவைத்துக் காட்டினார்.
படிவத்தில் ஒன்று புள்ளி மூன்று மீட்டர்
என்று எழுதினேன்.

ஒன்பது மணிக்குச் சயான் தீர்ந்திருக்கிறது.
யாரும் பார்க்கவில்லை.
தேயிலை குடித்துவிட்டு வந்து பார்த்தபோது
முக்கால் ஊர் வெளியே வந்து
தரையில் சுருண்டு கிடந்தது.

பச்சைக்குள் இருந்த நீலம் போனால்
மிச்சம் மஞ்சள்.
வயல் மஞ்சள்.
வாழைத்தோட்டம் மஞ்சள்.
மலையடிவாரம் வரைக்கும்
ஒரே வீடு.
குளங்கள் வெறும் தாள்.
அவற்றின் பெயர்கள் மட்டும்
கறுப்பில் சரியாக விழுந்திருந்தன,
ஆள் வராத கல்யாணத்தில்
நாற்காலிகளைப்போல.

ஜஸ்டஸ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
திருவனந்தபுரத்துக்குப் போன் போட்டார்.
காலை முதல் வண்டியில் கார்ட்ரிட்ஜ் வரும்.

அப்போதுதான் வாடகை கேட்டு மேலே வந்தார்
கட்டட உரிமையாளர் ரசல்ராஜ்.
பிளாட் போட்டு விற்பதும் அவர் தொழில்.
குடையை மடக்கியவர்
தரையைப் பார்த்து அப்படியே நின்றார்.
செருப்பைக் கழற்றினார்.
முட்டிபோட்டு உட்கார்ந்து
ஈரவிரலால் ஒரு சர்வே எண்ணைத் தேடிப் பிடித்தார்.
"பாஸ் ஆகியாச்சா சார்?"

"அது தப்புப் பிரிண்ட்" என்றார் ஜஸ்டஸ் சார்.

"எனக்க கண்ணுக்கு
ஒரு தப்பும் தெரியல்லியே."
விரலை எடுக்கவில்லை அவர்.
"இதில ஒரு காப்பி தாருங்க.
ஒரு மாச வாடகையைக் கழிச்சிக்கிடலாம்."

பாக்கி இரண்டு மாதம்.
மழைச்சத்தம் கேட்டது.
பிளாட்டரின் சிவப்பு விளக்கு
அணைந்து அணைந்து எரிந்தது.
சார் குனிந்து
தாளைச் சுருட்ட ஆரம்பித்தார், அவர் விரலில் இடிக்கும்வரை.

எல்லோரும் போனபிறகு
கோப்பைத் திறந்தேன்.
எங்கள் கருவியின் பிழை
மூன்று மீட்டர் வரை இருக்கலாம் என்று
அறிக்கையின் இருபத்தாறாம் பக்கத்தில்
நாங்களே ஒப்புக்கொண்டிருக்கிறோம்.
பிழை எந்தப் பக்கம் என்று
யாரும் கேட்டதில்லை.

பூவத்தாங்குளத்தில் தொடங்கினேன்.
புள்ளி புள்ளியாக,
மூன்று மீட்டரையும்
தண்ணீருக்குக் கொடுத்தேன்.

விடிகாலை நாலரைக்கு
முப்பத்தெட்டாவது குளத்தில் இருந்தபோது
கரண்ட் போனது.
சேமித்தேனா என்று நினைவில்லை.